எங்கள் நாய் மீது ஒரு புகார்

அண்ணன் அந்த நாய்க்குட்டியை லாரி சீட்டுக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்தான். திருமங்கலத்தைத் தாண்டி நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு புரோட்டாக் கடை, அதன் அடுப்புச் சாம்பலில் சுருண்டு கிடந்ததாம். செம்பழுப்பு நிறம், ஒரு காது மட்டும் மடிந்து தொங்கும். சாதாரணத் தெருநாய். அந்த மாதம் அண்ணனுக்குக் கிளீனர் வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை. நாய் அந்த இடத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டது. அதனால் கிளீனர் என்பதே அதன் பெயராகிவிட்டது.

அம்மாவுக்குப் பிடிக்கவில்லை.

"கோயிலுக்குப் போற வீட்டுல நாய் என்னத்துக்குடா?"

"கோயிலுக்குப் போறது நீங்க ரெண்டு பேரு. இது எங்கூட லாரிக்குல்ல வருது" என்றான் அண்ணன்.

தேவாலயத்தை நாங்கள் கோயில் என்றும் போதகரை ஐயர் என்றும்தான் சொல்வோம். அப்பா இறந்த பிறகு அண்ணன் அந்தப் பக்கம் போவதை நிறுத்திவிட்டான். ஏன் என்று அம்மா கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டாள். மதுரைக்கு வெளியே, திருமங்கலம் சாலையில் புதிதாக முளைத்த காலனி ஒன்றில் எங்கள் வீடு. எங்கள் சபை நடத்திய பள்ளியில் நான் அறிவியல் டீச்சர். தொண்ணூறுகளின் நடுவில் வீட்டில் நாங்கள் மூன்று பேர், நாயையும் சேர்த்தால் நான்கு.

மாதத்தில் பாதி நாள் அண்ணனும் நாயும் சாலையில் இருப்பார்கள். மேலூர் பக்கம் கல் ஏற்றிக்கொண்டு வடக்கே போவார்கள், வெங்காயம் ஏற்றிக்கொண்டு திரும்புவார்கள். நான் இன்றுவரை பார்த்திராத நாசிக்கை எங்கள் நாய் ஆறு முறை பார்த்திருந்தது. வீட்டில் இருக்கும் நாட்களில் அண்ணன் எந்த அறையில் உட்காருகிறானோ அந்த அறை வாசலில் படுத்துக்கொள்ளும். அவன் குளிக்கப் போனால் குளியலறைக் கதவருகே படுக்கும். மூன்றே வருடத்தில் அம்மா அதற்குத் தனியாக மீன் தலை வாங்க ஆரம்பித்திருந்தாள். கேட்டால், "பூனைக்கு வாங்குனேன்" என்பாள். எங்கள் வீட்டில் பூனை கிடையாது.

தொண்ணூறுகள் முடியும் சமயத்தில் அண்ணனுக்கு இருமல் வந்தது. போகவில்லை. சட்டை தோளில் தொங்கத் தொடங்கியது. லாரிக் கம்பெனி டாக்டர் ஒருவர், அவர் அனுப்பிய இன்னொரு டாக்டர், பிறகு ரத்தப் பரிசோதனை. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நான் கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். அண்ணன் வந்து எதிரில் குந்தினான்.

"ஏ புள்ள, ஒண்ணு சொல்றேன். அம்மாட்ட நீதான் சொல்லணும்."

"என்னண்ணே?"

"எனக்கு அந்த வியாதி வந்திருச்சு."

எந்த வியாதி என்று நான் கேட்கவில்லை. அந்த நாட்களில் பெயர் சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்த வியாதி ஒன்றுதான் இருந்தது. லாரிக்காரர்களுக்கு வருவது என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்தது. சுவரெல்லாம் விளம்பரம் எழுதியிருந்தார்கள். நான் சோப்புக் கையோடு உட்கார்ந்திருந்தேன். அண்ணன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் அவன் கையைப் பிடித்திருக்க வேண்டும். பிடிக்கவில்லை. இதை எழுதாமல் விட்டால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும்.

அந்த வருடம்தான் பத்தாம் வகுப்புக்கு எச்.ஐ.வி. பாடம் நடத்தியிருந்தேன். கரும்பலகையில் இரண்டு கட்டம் போட்டேன். பரவும் வழிகள், பரவாத வழிகள். பரவாத வழிகளில் தொடுதல், ஒரே தட்டில் சாப்பிடுதல், ஒரே டம்ளரில் குடித்தல் என்று என் கையாலேயே எழுதினேன். அண்ணன் சொன்ன மறுநாள், கோயிலிலிருந்து வீட்டுக்கு வந்து அவன் குடிக்கும் எவர்சில்வர் டம்ளரின் அடியில் நகப்பாலீஷால் சிவப்பாக ஒரு புள்ளி வைத்தேன். மாறிப்போகக் கூடாதே என்று. அண்ணன் அதைப் பார்த்தான். அன்றிலிருந்து தன் டம்ளரைத் தானே கழுவித் தனியாகக் கவிழ்த்து வைத்தான்.

அம்மாவிடம் சொன்னபோது அவள் சத்தம் போட்டு அழவில்லை. "யாருக்கும் தெரிய வேணாம்" என்றாள். அண்ணன் படுக்கையை முன்னறையிலிருந்து பின்னறைக்கு மாற்றினாள். தட்டைக் கதவருகே வைத்துவிட்டு வருவாள். நாங்கள் இருவரும் கெட்டவர்கள் இல்லை. தினமும் முழங்காலில் நின்று அவனுக்காக ஜெபித்தோம். பக்கத்து அறையிலிருந்து ஜெபித்தோம், அவ்வளவுதான்.

கிளீனர் மட்டும் எதையும் மாற்றிக்கொள்ளவில்லை. படுக்கை பின்னறைக்குப் போனதும் அதுவும் பின்னறைக்குப் போனது. வாசலில்கூட அல்ல, கட்டிலுக்கு அடியில். அண்ணன் பாதி குடித்து வைத்த கஞ்சியைக் குடித்தது. அவன் வியர்த்துக் கிடக்கும்போது தொங்கும் அவன் கையின் கீழ் தலையைக் கொண்டுபோய் வைத்துக்கொள்ளும். காலில் அக்கி வந்து கொப்புளம் உடைந்தபோது அந்தப் புண்ணை நக்கியது. நான் கதவருகே நின்று பார்த்தேன். பயந்துபோய் அடுத்த முறை ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் கேட்டேன். அந்த அம்மாள் களைத்துப்போன முகத்தோடு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நாய்க்கு ஒண்ணும் ஆகாது. அது வாயில இருக்க கிருமிதான் இவரைக் கொல்லும். கட்டுப் போட்டு வைங்க, நக்க விடாதீங்க. நீங்க டீச்சர்தான? ஒண்ணு புரிஞ்சுக்கோங்க. இவரால உங்களுக்கு ஆபத்து இல்ல. உங்க சளி, உங்க இருமல், உங்களாலதான் இவருக்கு ஆபத்து."

பஸ்ஸில் திரும்பி வரும்போது அண்ணன் ஜன்னலோரம் தூங்கிக்கொண்டு வந்தான். அவன் தலை என் தோளில் சாய்ந்தது. நான் நகரவில்லை. வீட்டுக்கு வந்ததும் பிளேடால் அந்தச் சிவப்புப் புள்ளியைச் சுரண்டினேன். சுரண்டிய தடம் போகவில்லை. அந்த டம்ளரில் தண்ணீர் மொண்டு அவன் முன்னால் குடித்தேன்.

"எம்புட்டு நாளாச்சு, இப்பத்தான் தாகம் எடுத்துச்சா?" என்றான் அண்ணன். சிரித்தான். நான்தான் அழுதேன்.

கால் புண்ணுக்குக் கட்டுப் போட்டோம். நாய் இரண்டு நாள் கட்டை முகர்ந்து பார்த்தது. பிறகு நக்குவதை விட்டுவிட்டுக் கட்டின்மேல் தாடையை வைத்துப் படுத்தது. அம்மா அதைப் பார்த்துக்கொண்டே தட்டோடு நின்றாள். அன்று தட்டைக் கதவருகே வைக்கவில்லை. உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்து ஊட்டினாள்.

மறுவருடம் ஈஸ்டருக்கு முந்தைய லெந்து காலம் தொடங்கியபோது அண்ணன் சொன்னான், "இந்த ஞாயித்துக்கிழமை நானும் கோயிலுக்கு வாரேன்." அம்மா நம்பவில்லை. அப்பாவின் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு அவன் நடக்க, நாங்கள் இருபக்கமும் நடக்க, பின்னால் நாய் வந்தது. விரட்டினோம், போகவில்லை. கோயில் வாசலில் கழற்றிப்போட்ட செருப்புகளுக்கு நடுவே படுத்துக்கொண்டது. ஆராதனை முடியும்வரை அங்கேயே கிடந்தது. அடுத்த வாரமும் அப்படித்தான்.

மூன்றாவது வாரம் வியாழக்கிழமை சபைக் கமிட்டிச் செயலாளர் வீட்டுக்கு வந்தார். எங்கள் சபையில் யாரோ ஒருவருக்கு ஆஸ்பத்திரியில் வேலை. செய்தி எப்படியோ வந்து சேர்ந்திருந்தது. செயலாளர் கெட்ட மனிதர் என்று நான் சொல்லமாட்டேன். அப்பா இறந்தபோது முதலில் ஓடிவந்தவர் அவர்தான். முன்னறையில் உட்கார்ந்து, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். பள்ளி நிர்வாகக் குழுவிலும் அவர் இருந்தார் என்பதை நான் மறக்கவில்லை.

"அக்கா, தம்பி கோயிலுக்கு வரட்டும். யாரும் வேணாங்கல. வர்ற ஞாயிறு திருவிருந்து. அன்னைக்கு மட்டும் வர வேணாம். ஐயர் வீட்டுக்கே வந்து கொடுப்பாரு."

"ஏன் வரக்கூடாது?" என்றேன்.

"டீச்சர், ஒரே கிண்ணத்துல எல்லாரும் திராட்சரசம் குடிக்கிறோம். பிள்ளைக இருக்கு, வயசானவங்க இருக்காங்க. போன வாரமே நாலு குடும்பம் எங்கிட்ட வந்து சொல்லிருச்சு."

"கிண்ணத்துல குடிச்சா வராது. நான் பாடம் நடத்துறேன், எனக்குத் தெரியும்."

"உங்களுக்குத் தெரியும். அவங்களுக்குப் பயம். அந்த நாய் வேற. புண்ண நக்கிட்டுக் கோயில் வாசல்ல வந்து படுத்திருக்குன்னு பேசுறாங்க."

பின்னறைக் கதவு திறந்திருந்தது. அண்ணனுக்கு எல்லாம் கேட்டிருக்கும். நான் வாயைத் திறந்தேன், மூடினேன். வேலை நினைவுக்கு வந்தது. அம்மாதான் பேசினாள்.

"தம்பி, காபி குடிங்க. ஆறிப்போகுது."

செயலாளர் டம்ளரைப் பார்த்தார். எது அண்ணனின் டம்ளர் என்று அவருக்கு எப்படித் தெரியும்? எடுக்காமலே எழுந்து போனார். ஆறிய காபியை அம்மா பின்னறைக்கு எடுத்துப்போனாள். இரண்டு பேரும் பாதிப் பாதி குடித்தார்கள்.

ஞாயிறு காலையில் நான் நினைத்தேன், அண்ணன் எழுந்திருக்கமாட்டான் என்று. எனக்கு முன்னால் குளித்துத் தயாராக இருந்தான். "நான் சாகப்போறவன். நான் யாருக்குப் பயப்படணும்? நீங்க ரெண்டு பேரும் வேணாம்னா வராதீங்க" என்றான். நாங்கள் போனோம்.

எங்கள் கோயிலில் பீடத்துக்கு முன்னால் நீளமான மரக் கிராதி உண்டு. திருவிருந்துக்கு வரிசை வரிசையாகப் போய் அதன் முன்னால் முழங்கால் போட வேண்டும். ஆண்கள் ஒருபக்கம், பெண்கள் ஒருபக்கம். கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த அண்ணன் எழுந்தான். மெதுவாக நடந்துபோய்க் கிராதியின் நடுவில் முழங்கால் போட்டான். அவனுக்கு வலப்பக்கம் இருந்தவர் எழுந்து தன் இடத்துக்குத் திரும்பினார். இடப்பக்கம் இருந்தவர் தள்ளிப்போனார். பிறகு அவரும் எழுந்தார். வரிசையில் நின்றுகொண்டிருந்தவர்கள் நின்றபடியே நின்றார்கள். ஒரு நிமிடத்தில் அந்த நீளமான கிராதியில் அண்ணன் மட்டும் இருந்தான். சட்டைக்குள் அவன் முதுகெலும்பு தெரிந்தது. ஆர்மோனியம் நின்றுவிட்டது.

அப்போது நடுப்பாதையில் நகங்கள் தரையில் படும் சத்தம் கேட்டது. கிளீனர் உள்ளே வந்துகொண்டிருந்தது. ஓடவில்லை, குரைக்கவில்லை. தன் வீட்டுக்குள் நடப்பதுபோல நேரே நடந்து போய் அண்ணனின் பாதங்களுக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டது. யாரோ "ச்சூ" என்றார்கள். அது காதைக்கூட அசைக்கவில்லை.

எனக்கு அன்று ஏற்பட்டது வெட்கம். பரிசுத்தமான உணர்வு எதுவும் அல்ல. இரண்டு வேதபாடத் தேர்வுகளில் முதல் பரிசு வாங்கியவள் நான். மனப்பாடமாகச் சங்கீதம் சொல்லத் தெரிந்தவள். அங்கே என் அண்ணன் தனியாக முழங்காலில் இருக்கிறான், நான் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், ஒரு நாய் எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டது. எழுந்தேன். பெண்கள் பக்கம் போகவில்லை. ஆண்கள் பக்கம் போய் அண்ணனுக்கு இடப்பக்கம் முழங்கால் போட்டேன். பின்னாலேயே அம்மாவின் சேலை சரசரத்தது. அவள் வலப்பக்கம் போட்டாள்.

எங்கள் ஐயர் பயந்த சுபாவம் உள்ளவர். கமிட்டியில் யார் குரல் உயர்ந்தாலும் அவர் குரல் தாழும். அப்பத்தைக் கொடுத்தார். கிண்ணத்தை எடுத்தார். ஒரு கணம் அண்ணனைத் தாண்டிப் போய்விடுவாரோ என்று நினைத்தேன்.

"ஐயா, அண்ணனுக்கு முதல்ல கொடுங்க. அப்புறம் எனக்கு" என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன். அந்த அமைதியில் கடைசி பெஞ்சுவரை கேட்டிருக்கும்.

அவர் கொடுத்தார். அண்ணன் குடித்தான். அதே விளிம்பில் நான் குடித்தேன். அம்மா குடித்தாள். பிறகு வேறு யாரும் வரவில்லை. எங்கள் முறைப்படி கிண்ணத்தில் மீதியிருக்கும் திராட்சரசத்தை ஐயர் கீழே ஊற்றக்கூடாது, அவரே குடித்து முடிக்க வேண்டும். அன்று கிண்ணம் ஏறக்குறைய நிறைந்திருந்தது. அவர் சபைக்கு முதுகைக் காட்டித் திரும்பியிருக்கலாம். திரும்பவில்லை. எல்லோரும் பார்க்க, கிண்ணத்தைச் சாய்த்து, கடைசிச் சொட்டுவரை குடித்தார். பிறகு துணியால் வாயைத் துடைத்துக்கொண்டு ஆசீர்வாதம் சொன்னார்.

வெளியே வந்தபோது என்னிடம் சொன்னார், "எனக்குப் பயமா இருந்துச்சு டீச்சர். அந்த நாயப் பார்த்தேன். அதுக்கு இல்லாத பயம் எனக்கு என்னத்துக்குன்னு குடிச்சிட்டேன்."

பத்து நாளில் கமிட்டியிலிருந்து கடிதம் வந்தது. அதில் அண்ணன் பெயர் இல்லை, வியாதியின் பெயர் இல்லை, கிண்ணம் இல்லை. அதையெல்லாம் எழுத்தில் வைக்க அவர்களுக்குத் தைரியம் வரவில்லை. ஆராதனை நடக்கும்போது வளர்ப்பு நாயை ஆலயத்துக்குள் அனுமதித்து அதன் பரிசுத்தத்தைக் குலைத்தோம் என்பதுதான் புகார். எழுத்துமூலம் மன்னிப்புக் கேட்கும்வரை திருவிருந்தில் சேரக்கூடாது. அண்ணன் அதை வாங்கிப் படித்துவிட்டு நாயிடம் காட்டினான். "ஏலே, உம்மேல கேஸ் போட்டிருக்காய்ங்கடா" என்றான். நாய் காகிதத்தை முகர்ந்துவிட்டுத் தும்மியது. நாங்கள் மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் அண்ணனுக்கு இருமல் வந்துவிட்டது.

செயலாளர் பள்ளியில் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஒரே ஒரு வரி எழுதிக் கொடுங்க டீச்சர். நாய் வந்தது தப்புன்னு மட்டும். உங்க வேலைக்கும் நல்லது."

எழுதிக் கொடுத்தேன். ஒரு வரி போதவில்லை. நகல் இன்னும் என்னிடம் இருக்கிறது. இப்படி எழுதியிருந்தேன்:

"வேதத்தில் நாய்க்கு நல்ல பெயர் இல்லை என்பது எனக்குத் தெரியும். அசுத்தமானவர்களோடு சேர்த்துத்தான் அதைச் சொல்லியிருக்கிறது. ஆனால் செல்வந்தனின் வாசலில் புண்களோடு கிடந்த ஏழையின் கதையையும் நாம் வருடந்தோறும் வாசிக்கிறோம். அந்த வாசல் வழியாக எத்தனையோ பேர் போய்வந்திருப்பார்கள். அவன் அருகில் வந்தவை நாய்கள் மட்டும். அந்தக் கதையைச் சொன்னவர் நம் ஆண்டவர். எங்கள் நாய் ஜெபிக்காது, காணிக்கை போடாது. இந்த வியாதி எப்படி வந்தது என்று அது கேட்கவில்லை. நான் கேட்டேன், மனதுக்குள். என் தாய் கேட்டாள். சபை கேட்டது. கேட்காமல் பக்கத்தில் போய்ப் படுத்தது அது ஒன்றுதான். அதற்காக என்னால் மன்னிப்புக் கேட்க முடியாது. அதற்குப் பின்னால் போனதற்காக, அதுவும் அவ்வளவு தாமதமாகப் போனதற்காக, என் அண்ணனிடம் ஏற்கெனவே மன்னிப்புக் கேட்டுவிட்டேன்."

பதில் வரவில்லை. அடுத்த மாதத் திருவிருந்துக்கும் நாங்கள் போனோம், நாயும் வந்தது. ஐயர் கொடுத்தார். கடைசி வரிசையாக நாங்கள் மட்டும் முழங்கால் போட்டோம். அதற்கடுத்த மாதம் ஐயரின் மனைவி எங்களோடு வந்து முழங்கால் போட்டார். மே மாதம் ஐயருக்கு மாறுதல் வந்தது. வழக்கமான மாறுதல்தான் என்றார்கள். உசிலம்பட்டிக்கு அப்பால் ஒரு கிராமத்துச் சபை. அவர் போகும்போது வீட்டுக்கு வந்து அண்ணன் நெற்றியில் கைவைத்து ஜெபித்தார். நாய் தலையிலும் ஒரு கணம் கை வைத்தார். நான் பார்க்கவில்லை என்று நினைத்தார்.

ஜூனில் பள்ளி திறந்ததும் என்னைப் பத்தாம் வகுப்பிலிருந்து ஆறாம் வகுப்புக்கு மாற்றியிருந்தார்கள். ஆறாம் வகுப்புப் பாடத்தில் எச்.ஐ.வி. கிடையாது. இருந்தாலும் நடத்தினேன். இரண்டு கட்டம் போட்டேன். இந்த முறை எழுதியதை நம்பி எழுதினேன்.

ஐப்பசி மழையில் அண்ணன் போனான். அவனுக்கு முப்பத்து நான்கு வயது. காலையில் கஞ்சி கேட்டான். அம்மா கொண்டுவருவதற்குள் முடிந்துவிட்டது. அவன் கை கட்டிலிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. நாய் தன் தலையை அதன்கீழ் வைத்தபடியே இருந்தது. கையை எடுத்து நெஞ்சில் வைக்கும்போது எனக்கு அதனிடமிருந்து வாங்கிக்கொள்வதுபோல இருந்தது.

புது ஐயர் வந்தார், அடக்க ஆராதனை நடத்த மறுக்கவில்லை. ஆனால் பெட்டியைத் தூக்கச் சபையில் ஆள் வரவில்லை. மழை என்றார்கள், வேலை என்றார்கள். சிலர் குடையோடு எதிர்வீட்டு வாசல்வரை வந்து நின்றார்கள். அம்மா என்னைப் பார்த்தாள். நானும் அவளும் ஒரு பக்கம் தூக்கலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது தெருமுனையில் ஏர்ஹாரன் கேட்டது. திருமங்கலம் ஸ்டாண்டிலிருந்து அண்ணனின் சகாக்கள் இரண்டு லாரிகளில் வந்து இறங்கினார்கள். திருநீறு பூசியவர்கள், தொப்பி வைத்தவர்கள், வழியிலேயே இரண்டு ரவுண்டு போட்டுவிட்டு வந்தவர்கள். எட்டுப் பேர். ஒருவர்கூடக் கையுறை போடவில்லை.

"தங்கச்சி, எங்க மாப்ளய நாங்க கொண்டுபோறோம். நீ அம்மாவப் பிடிச்சுக்க" என்றார் அவர்களில் மூத்தவர்.

லாரியில்தான் ஏற்றினார்கள். கதவு திறந்திருந்ததைப் பார்த்த கிளீனர் ஒரே தாவில் ஏறி டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தது. யாரும் இறக்கவில்லை. கல்லறைத் தோட்டத்தில் இடம் காட்ட வந்த செயலாளர் அந்தக் காட்சியைப் பார்த்தபடி மழையில் நின்றார். இறங்கி வந்த நாயிடமிருந்து விலகவும் இல்லை, அருகில் வரவும் இல்லை.

நாய் சாப்பிடாமல் ஏங்கிச் சாகும் என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். அப்படியெல்லாம் நடக்கவில்லை. ஒருநாள் முழுக்கக் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. மறுநாள் காலை எழுந்து வந்து அம்மா வைத்த சோற்றைத் தட்டு பளபளக்கச் சாப்பிட்டது. பிறகு என் அறை வாசலில் வந்து படுத்தது. எனக்குக் கோபம்கூட வந்தது. இரண்டு நாளாக நானும் அம்மாவும் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. அம்மா அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "நமக்கும் கொஞ்சம் சோறு போடு" என்றாள். உயிர்த்தெழுதலைப் பற்றி நான் கேட்ட பிரசங்கங்களில் எதுவும் அன்று என்னை எழுப்பவில்லை. நாய் தட்டை நக்கிய சத்தம் எழுப்பியது. இதைப் பக்திக் குறைவு என்று நினைப்பவர்கள் நினைக்கட்டும்.

அதன்பின் அது ஐந்து வருடம் இருந்தது. ஒவ்வொரு ஞாயிறும் என்னோடு கோயிலுக்கு வந்தது. வாசலில் படுக்கும். உள்ளே வரவில்லை, வருவதற்கு அதற்கு அவசியம் இருக்கவில்லை. சபையை விட்டுவிடச் சொன்னவர்கள் உண்டு. வேறு சபைக்காரர்கள் வீடு தேடி வந்து கூப்பிட்டார்கள். "உங்களை இம்புட்டு அவமானப்படுத்தினவங்ககிட்டயா போய் உக்காரணும்?" என்றார்கள். நான் போகமாட்டேன் என்றேன். அது என் கோயில். விரட்டப்பட்டாலும் போகாமல் வாசலில் கிடப்பது எப்படி என்று எனக்குத் தெரியும். சொல்லித்தந்தது என் கால்பக்கமே நடந்துகொண்டிருந்தது.

சபையில் பிறகு ஆளுக்கொரு சின்னக் கண்ணாடி டம்ளர் வந்தது. சுகாதாரம் என்று காரணம் சொன்னார்கள். நான் அதை எடுப்பதில்லை. தட்டு என் முன்னால் வரும்போது தலையை ஆட்டிவிட்டு முழங்காலிலேயே இருப்பேன். ஐயர் பெருமூச்சு விட்டுக்கொண்டு பீடத்திலிருந்து பழைய கிண்ணத்தை எடுத்துவருவார். மூன்று ஐயர்மார் மாறிவிட்டார்கள். மூவரையும் இப்படியே பழக்கினேன்.

கிளீனர் ஒரு மாசி மாத மத்தியானம் வாசல்படியில் படுத்தபடியே இறந்தது. வேப்பமரத்துக்குக் கீழே நானே குழி வெட்டினேன். அம்மா வந்து நின்று ஜெபித்தாள். விலங்குக்கு ஜெபம் உண்டா என்று எங்கள் இருவரில் யாரும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரு பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் என்னைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். யார் மூலமாக விசுவாசத்தில் நிலைத்தீர்கள் என்பது தலைப்பு. ஊழியக்காரர்கள், பக்தியுள்ள மாமியார்கள் என்று ஒவ்வொருவரும் சொன்னார்கள். நான் எழுந்து எங்கள் நாய் மூலமாக என்றேன். சிரித்தார்கள். சிரிப்பு அடங்கும்வரை நின்றேன். பிறகு சொன்னேன். வியாதியின் பெயரைச் சொன்னேன், கிண்ணத்தைச் சொன்னேன், நகப்பாலீஷ் புள்ளியைச் சொன்னேன். எட்டு வருடமாக அந்தச் சபையில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத பெயரை மூன்று முறை சொன்னேன். தலைவி இடையில் மணி அடித்தார். நான் உட்காரவில்லை.

கூட்டம் முடிந்து சைக்கிள் ஸ்டாண்டுக்கு வந்தபோது ஒருத்தி பின்னாலேயே வந்தாள். சபைக்குப் புதியவள், பேசிப் பழக்கமில்லை. கையில் குழந்தை. சுற்றிலும் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"அக்கா, அண்ணன எந்த ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனீங்க?"

அவள் கண்ணைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. யாருக்கு என்று கேட்கவில்லை. எப்படி என்றும் கேட்கவில்லை.

"இப்ப நல்ல மாத்திரை வந்திருச்சு. எங்கண்ணன் காலத்துல இல்ல. அரசாங்கமே சும்மா கொடுக்குது, தெனமும் போட்டா ரொம்ப வருஷம் இருக்கலாம். திங்கக்கிழமை காலையில எட்டு மணிக்கு பஸ் ஸ்டாப்புக்கு வா."

"நீங்களும் வருவீங்களா? உங்களுக்கு ஸ்கூல் இருக்குமே."

"லீவு போடுறேன்" என்று சொல்லிவிட்டு அவள் கையிலிருந்த குழந்தையை வாங்கிக்கொண்டேன். நல்ல கனமான குழந்தை. ரோட்டுவரை நானே தூக்கிக்கொண்டு நடந்தேன். வாசலில் நின்றிருந்தவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று மெதுவாகவே நடந்தேன்.